அலைக்குளத்தில் ஊதிய சங்கு

பூந்தமல்லி தாண்டி அந்தக் கேளிக்கைப் பூங்கா திறந்த புதிதில், எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் எப்போதும் அதே பேச்சுதான். வருடம் முழுக்கப் போய்வர பாஸ் உண்டு என்று கேட்டதும், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் மகளோடு சேர்த்து எங்கள் மூவருக்கும் பாஸ் போட்டோவே எடுத்துவிட்டார். "மொதல்ல ஒரு தடவை பார்ப்போங்க" என்று நான்தான் தடுத்தேன்.

உள்ளே பெரிய குளம் ஒன்று இருந்தது. மகளோடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று சங்கு ஊதியது. அவ்வளவுதான், ஃபேக்டரி சங்கு கேட்டதும் வெளியே நடந்தே பழகிய இவர் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடினார். என்ன ஆபத்தோ என்று நானும் கூடவே ஓடினேன்.

எதிரே வந்த பெண் சிரித்தாள். "இன்னாக்கா, அலை வர்ற நேரத்துல வெளிய ஓடிகினு கீறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். மெரினாவில் கடல் பார்த்தவள்தான் நான். ஆனால் சும்மா கிடந்த தண்ணீர் எழுந்து, சுவராக நின்று, எங்களை நோக்கி நடந்து வந்ததை அன்றுதான் பார்த்தேன். மகள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

கிளம்பும்போது பாஸ் கவுண்டரைக் காட்டினேன். இவர் தலையை ஆட்டினார்.

"வேணாம். அடிக்கடி வந்தா இதுவும் நம்ம ஃபேக்டரி சங்கு மாதிரி ஆயிடும். காதுலயே விழாது, காலு மட்டும் தானா நடக்கும்."

இப்போது வருடா வருடம் முழுப்பரீட்சை லீவில் ஒரே ஒருநாள் போகிறோம். சங்கு ஊதியதும் இவர் இன்னமும் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார், அலையை நோக்கி.