ஞானப்பூ அக்காவும் பதினாலு சம்மனசுகளும்

ஞானப்பூ அக்கா இறந்துவிட்டார்.

காலையில் தங்கச்சி ஊர்காவற்றுறையிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். ஆறு செக்கன்தான். லண்டன் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது கேட்டேன்... இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

ஊரில் எங்கள் மாதா கோயிலுக்கு முன்னால் கடை வைத்திருந்தவர். மெழுகுதிரி, மீன்வலைக்குத் தங்கூசி நூல், பிஸ்கட், ரீலோட் கார்ட், எல்லாம் ஒரே அலுமாரியில். பெருநாள் பவனிக்கு முன்னால் நடக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தேவதூதர்போலச் சம்மனசு வேசம் போட்டுவிடுவதும் அவர்தான். நான் அறிந்த நாள் முதல்.

எனக்கு முதலாவது ஃபெயார்னஸ் கிரீமை விற்றவரும் அவரே.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. சண்டையில் இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பியிருந்த காலம். கறுப்பு நிறம், சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் 'காப்பிலி' என்பார்கள். ஓர் ஆபிரிக்கரைக்கூடப் பார்த்திராத ஊரில், ஆபிரிக்கரைச் சொல்லும் சொல் ஏச்சாக மட்டும் இருந்தது.

கடையில் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு விரலால் காட்டினேன். பேப்பரில் சுற்றித் தந்தார். "உமக்கு ஒரு ரியூப் காணாது பிள்ளை" என்றார். மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னார். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

பிறகு லண்டன், படிப்பு, வேலை. கோயில் பாடகர் குழுவில் எம்மானுவேலைச் சந்தித்தேன். கானாக்காரர்.

ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, ஏதோ கதையில், "நான் ஒரு கறுப்பு மனிசன்" என்றார். ஊர் பெயரைச் சொல்வதுபோல. நான் அவரைத் தேற்ற ஏதாவது தேடினேன்... எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பிறகு எப்போதும் ஓர் 'ஆனால்' வரும். கறுப்புத்தான், ஆனால் களையான முகம். கறுப்புத்தான், ஆனால் கெட்டிக்காரி.

அவருடைய வசனம் 'ஆனால்' இல்லாமலே முடிந்திருந்தது.

வீட்டுக்குக் கலியாணச் செய்தியைச் சொன்னபோது பெயரை மட்டும்தான் சொன்னேன். எம்மானுவேல், கத்தோலிக்கர், நன்றாகப் பாடுவார். அம்மா போனும் கையுமாகக் கடைக்குப் போய் அதைச் சொல்ல, ஞானப்பூ அக்கா போனை வாங்கிக்கொண்டார். "எந்த ஊர் எம்மானுவேல்? கரம்பனோ, மெலிஞ்சிமுனையோ? மெலிஞ்சிமுனையில மட்டும் நாலு எம்மானுவேல் இருக்கினம்."

கானா என்றேன். ஆபிரிக்கா என்றேன்.

"அங்கயும் மாதா இருக்கிறாவோ?"

"ஓம் அக்கா."

"அப்ப சரி."

அப்பாவுக்கு அந்தச் 'சரி' வர இரண்டு வருசம் எடுத்தது.

மகள் எஸ்தருக்கு ஆறு வயதானபோது பெருநாளுக்கு ஊருக்குப் போனோம். சம்மனசாக நடக்க வேண்டுமென்று ஒரு மாதமாக ஒற்றைக்காலில் நின்றாள்.

கோயில் பக்கத்து அறையில் பதினாலு பிள்ளைகள். முதுகில் செட்டை, தலைக்கு வெள்ளிப் பேப்பர் கிரீடம். அக்கா வழக்கம்போலப் பவுடர் பேணியைக் கையில் கொட்டிக் கொட்டி வரிசையாக எல்லா முகங்களுக்கும் அப்பிக்கொண்டு வந்தார். எஸ்தருக்கும்.

மற்றப் பிள்ளைகள் மாவில் விழுந்ததுபோல இருந்தார்கள். எஸ்தர் சாம்பல் நிறமாகிவிட்டாள்.

பின்னால் யாரோ ஒரு தாய் "காப்பிலிச் சம்மனசு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மெதுவாகத்தான், ஆனாலும் கேட்டது.

எஸ்தருக்கு அந்தச் சொல் விளங்காது. அவள் யன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இது நான் இல்லை."

நான் செட்டையின் ஊசியைக் கழற்றத் தொடங்கினேன். இனி இவளை இந்த ஊருக்குக் கூட்டி வருவதில்லை... முடிவே எடுத்துவிட்டேன்.

"நில்லும்" என்றார் அக்கா. குனிந்து எஸ்தரிடம் கேட்டார். "பிள்ளைக்குப் பவுடர் வேண்டாமோ?"

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தார். காதுக்குப் பின்னால்கூட. அவளுடைய தலைமுடிக்கு மேல் பேப்பர் கிரீடம் இருக்க மறுத்தது. அதைப் பின்பக்கம் வெட்டி, தங்கூசி நூலால் இழுத்துக் கட்டினார். தலைமுடியை அமத்தவில்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது இன்னொரு தாய், "எல்லாரும் வெள்ளையா நிற்கேக்க இவ மட்டும் வேறையாத் தெரிவா அக்கா" என்றார்.

அக்கா வரிசையைப் பார்த்தார்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றுவிட்டு அடுத்த பிள்ளையின் முகத்தைத் துடைத்தார். பிறகு அதற்கு அடுத்தது.

தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். லவுட்ஸ்பீக்கரில் சம்மனசுகளை இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. "துடைச்சாப் பறந்து போகாதுகள், சும்மா நில்லுங்கோ" என்று பதினாலையும் துடைத்து முடித்துத்தான் வெளியே விட்டார்.

ஒரு தாய் மட்டும் தன் பிள்ளையைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் மறுபடி பூசிவிட்டார். மற்றப் பதின்மூன்றும் ஈர முகத்தோடு, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு நடந்தன. மாதா சுருபம் வைத்த கூட்டைத் தோளில் சுமந்துவந்த எம்மானுவேல் மகளைக் கண்டு சிரித்தார். உள்ளே நடந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பதிவை மொழிபெயர்த்துப் பார்ப்பார்... தெரியட்டும்.

அடுத்த நாள் நன்றி சொல்லக் கடைக்குப் போனேன். சொல்ல வரவில்லை. ஏன் துடைத்தீர்கள் என்றுதான் கேட்டேன்.

"வேர்வைக்கு வழிஞ்சு கண்ணுக்க போகும் பிள்ளை. அதுதான்."

இத்தனை வருசமாக வழியாத பவுடர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் பூசுவாராம். பாதிப் பிள்ளைகள் வேண்டும் என்பார்களாம். பூசிவிடுவாராம். தங்கச்சி சொன்னாள்.

நாளைக்கு அடக்கம். என்னால் போக முடியவில்லை.

ஞாயிறு பூசையில் நினைவுகூர உங்கள் பெயரை இங்கே லண்டன் கோயிலில் கொடுத்திருக்கிறேன் அக்கா. பாதருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. எஸ்தர், தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டாள். இப்போது பதின்மூன்று வயது. குசினிக்குள் நடந்து நடந்து சொல்லிப் பார்க்கிறாள்... 'ஞா' நன்றாகவே வருகிறது.

ஆறியிருங்கோ அக்கா. அன்றைக்குச் சொல்லாத நன்றி இது.