சுவரில் விழுந்த சிவப்பு வெளிச்சம்

என் காரில் குடை, கைக்குட்டை, பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் திணித்து வைக்கும் முன்பக்க அறையில் ஒரு பல்பும் கிடக்கிறது. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். கண்ணாடி உள்ளே கறுத்துப்போய்விட்டது. காதருகே வைத்து ஆட்டினால் அறுந்த கம்பி மெல்லக் கிணுகிணுக்கும். வண்டியைச் சர்வீசுக்கு விடும்போதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்கள், "ஆன்ட்டிஜி, இதைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?" என்று இந்தியில் கேட்கிறார்கள். இந்த வண்டியின் எந்த விளக்கிலும் அது பொருந்தாது என்று எனக்கும் தெரியும். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். என் மாமனார் என்னோடு பேசாமலிருந்த காலத்தை முடித்து வைத்த பல்பு அது. அவ்வளவு லேசில் குப்பையில் போட எனக்கு மனம் வருமா?

மாமா கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக இளம் வயதில் டெல்லி வந்து, குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஓய்வு பெற்ற கையோடு மாமா ஒரு பழைய காரை வாங்கி, எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸின் பக்கச் சுவரை ஒட்டி அதற்கொரு இடமும் பிடித்துவிட்டார். வண்டியைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து சுவருக்கு முதுகு காட்டித்தான் நிறுத்துவார். நிறுத்திய பிறகும் உடனே இறங்கமாட்டார். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைச் சரி செய்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயதானாலும் தலைமுடி மேல் மனிதருக்கு எவ்வளவு ஆசை என்று நான் வாசலில் நின்று சிரித்துக்கொள்வேன். என்னை அவர் 'அம்மணி' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இதிலென்ன விசேஷம் என்று கேட்கலாம். ஆபீசில் மேடம், பஸ்ஸில் பெஹன்ஜி, பால் பூத்தில் பாபிஜி என்று நாளெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த ஒரு வார்த்தையில்தான் நான் ஊரிலிருந்து வந்தவள் என்பது ஞாபகத்துக்கு வரும்.

எழுபதுகளின் கடைசியில் அவர் வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றினார், கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டினார், வண்டியை மட்டும் விடவில்லை. ஒரு நாள் சாணக்யபுரி ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர்காரனை அவர் பார்க்கவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தார். ஸ்கூட்டரில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.  என் கணவர் பொதுத்துறை நிறுவனமொன்றில் பொறியாளர். கூலிக்காரர்களும் கான்ட்ராக்டர்களும் அவருக்குப் பயப்படுவார்கள், அவரோ அப்பாவுக்குப் பயப்படுவார். "பக்குவமா நீயே சொல்லிப்போடு" என்று என் தலையில் கட்டிவிட்டு, வேலையாகப் பிலாய்க்கு ரயிலேறிவிட்டார். நான் பக்குவம் எதுவும் பார்க்கவில்லை. "மாமா, கண்ணு ஆபரேசன் ஆகற வரைக்கும் நீங்க வண்டி எடுக்க வேண்டாங்க, நான் ஓட்டறேனுங்க" என்றேன். அதற்கு முந்தைய வருஷம்தான் நான் லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் சொன்னதில் தப்பில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சாவி மேஜையில் பட்ட சத்தத்தோடு அவர் என்னிடம் பேசுவதும் நின்றுபோகும் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பிறகு எல்லாச் செய்தியும் என் மகள் வழியாகத்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து, "உங்கம்மாகிட்ட காப்பி கேளு கண்ணு" என்பார். நான் சமையலறையில்தான் நிற்பேன், எனக்கு நன்றாகவே கேட்கும். அவள் ஓடிவந்து, "அம்மா, தாத்தாவுக்குக் காப்பி வேணுமாம், ஜல்தி!" என்று, சீக்கிரம் வேண்டுமென்ற அதிகாரத்தையும் தன் பங்குக்கு இந்தியில் சேர்த்துச் சொல்வாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு ஆரம்பத்தில் கோபம் வந்தது, போகப்போக அழுகை வந்தது. தீபாவளிக்கு அவர் காலில் விழுந்தேன். தலையில் கை வைத்தார், வாய் திறக்கவில்லை. கணவர் ஊரில் இல்லாத நாட்களில், பேச்சில்லாத அந்த வீட்டில் குக்கர் விசில்கூடப் பெரிதாகக் கேட்கும்.

மார்கழியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை விடிகாலையிலேயே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "தாத்தா ஆட்டோவுல போறாராம்" என்று மகள் வந்து சொன்னாள். டெல்லிப் பனியில், விடியாத வேளையில், கண் ஆபரேஷனுக்குப் போகிறவர் திறந்த ஆட்டோவில் போவாராம், மருமகள் ஓட்டும் காரில் ஏறமாட்டாராம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சப்பாத்திக் கட்டையை வைத்த வேகத்துக்கு மாவு பறந்தது. இவரை இந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை ஆபீசிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது பக்கத்து வீட்டு சர்தார்ஜி, "பெஹன்ஜி, பிரேக் லைட் நஹீ ஜல் ரஹீ" என்றார். பின்பக்கத்தில் ஒரு பக்கம் பிரேக் விளக்கு எரியவில்லை. இன்னொரு பக்கம் மட்டும் எரிந்து என்ன பயன்? மூன்றடி தள்ளி நிற்பவன் முகம் தெரியாத பனியில் பின்னால் வரும் லாரிக்காரன் எங்களை எப்படிப் பார்ப்பான்? உடனே கடைக்கு ஓடி, வண்டியின் பெயரைச் சொல்லிப் புதிய பல்பு ஒன்றை வாங்கி வந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வண்டியைக் கையில் வாங்கிய சில மாதத்திலேயே மெக்கானிக்கை வரவழைத்தாள் என்று மாமா நினைப்பாரே என்கிற வீம்பு என்னை விடவில்லை.

ஞாயிறு மாலை. டி.வி.யில் இந்திப் படம் போடும் நேரம். காலனியே வீடுகளுக்குள் போய்விட்டது. என் மகளும் சர்தார்ஜி வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள். படத்தின் நடுவே போய்க் கதவைத் தட்டினால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள். புடவை மேல் ஸ்வெட்டரும், காதைச் சுற்றி மப்ளருமாகச் சுவருக்கும் காருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, திருகாணிகளைக் கழற்றிச் சிவப்பு மூடியை எடுத்தேன். பல்பை அழுத்தித் திருப்பினால் வெளியே வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வந்தது. புதியதை அதேபோல அழுத்தித் திருப்பினேன். உட்கார்ந்தது. எரிகிறதா என்று பார்க்கப் போனபோதுதான் சங்கடம் புரிந்தது. சாவியைத் திருப்பிவிட்டு ஒருவர் பிரேக்கை மிதித்தால் இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். நான் மிதித்துவிட்டு ஓடி வருவதற்குள் பெடல் மேலே வந்துவிடும். இரண்டு முறை ஓடியும் பார்த்தேன், அந்தக் கூத்தைச் சொல்வானேன்.

அப்போது மாமா உலாவிவிட்டு வந்தார். குரங்குக் குல்லாய், கையில் தடி. என்னைத் தாண்டி வாசலுக்குப் போனவர், படியில் ஏறாமல் நின்றார். நான் எழுந்து சாவியை நீட்டினேன். "பிரேக்கை மிதிக்க ஆளில்லீங்க மாமா" என்றேன். அவர் என் மகளைத் தேடுவதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள், தூது போக யாருமில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

நான் பின்னால் போய் நின்றேன். டிரைவர் பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் எஞ்சினே உறுமியது! விளக்குக்குச் சாவியைப் பாதி திருப்பினால் போதும், எஞ்சினைக் கிளப்ப வேண்டிய அவசியமே இல்லை.  நாலு மாதக் கோபம் மொத்தமாக வந்து, இருட்டுகிற நேரத்தில், ஒற்றைக் கண்ணோடு கிளம்பிப் போய்விடுவாரோ? அவர் வண்டி எடுக்க வேண்டாமென்று சொன்ன நானே சாவியையும் கொடுத்துவிட்டேனே! வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. புகை என் மேலெல்லாம் அடித்தது. பிறகு எஞ்சின் அடங்கியது.

"எரியுதா அம்மணி?"

 கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று விளக்கைப் பார்த்தேன். "இல்லீங்க மாமா!" என்று கத்தினேன். விளக்கு எரியவில்லை என்பதை அவ்வளவு சந்தோஷமாக உலகத்தில் வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பல்பை எடுத்துப் பார்த்தால், அது உட்காரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மறுபடி பல்பைப் பொருத்தி, மூடியையும் திருகினேன்.

"இப்ப எரியுதா?"

"எரியுதுங்க மாமா! நல்லா எரியுதுங்க!"

"இன்னொருக்காப் பாத்துக்கோ அம்மணி. பின்னாடி வாறவனுக்குத் தெரியோணுமல்ல."

மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். ஒவ்வொரு முறையும் என் புடவையும் பின்னாலிருந்த சுவரும் சிவந்து சிவந்து அடங்கின. இறங்கி வந்தவர் சாவியை மேஜையில் வைக்கப் போகவில்லை. என் உள்ளங்கையில் வைத்தார். "காலையில எத்தன மணிக்குக் கெளம்போணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் பழைய பல்பைக் கையில் மூடிக்கொண்டு அங்கேயே நின்று நெஞ்சு நிறையப் பனிக்காற்றை இழுத்துவிட்டேன். மறுநாள் அவர் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து வந்தார், ஆஸ்பத்திரிவரைக்கும் என் கியர் மாற்றத்தில் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கண் நன்றாக ஆயிற்று. பிறகும் அவர் வண்டி எடுக்கவில்லை. குறை சொல்வதையும் நிறுத்தவில்லை.

அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போது என் காரில் விளக்கு எதுவும் போனால் திரையில் எழுத்து வந்து சொல்லிவிடுகிறது, யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சென்ற குளிர்காலத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரோரம் நிறுத்தினேன். அங்கே அன்று மின்சாரம் இல்லை. பிரேக்கில் கால் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்தேன். பின்சுவர் முழுக்கச் சிவந்திருந்தது. காலை எடுத்தேன், இருண்டது. வைத்தேன், சிவந்தது. மாமா தினமும் கண்ணாடியில் பார்த்தது தலைமுடியை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரும் கண்ணாடியும் இருந்தால் விளக்கைச் சோதிக்க இன்னொரு ஆள் வேண்டாம். அவருக்கு அது எத்தனை வருஷப் பழக்கம்! அன்றைக்கும் வண்டி சுவருக்கு முதுகு காட்டித்தான் நின்றது. அவருடைய இடது கண் பேப்பர் படிக்கிற கண். சிவக்கிற சுவர் தெரியாமல் போயிருக்காது. விளக்கைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் இறங்கிப் போயிருந்தாலும் நான் என்ன செய்திருக்க முடியும்? அவர் தடியைச் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, என்னிடம் கேட்டார்.

வேறு வழியில்லாமல்தான் அன்று வாய் திறந்தார் என்று இத்தனை வருஷமும் மனதில் ஒரு சின்ன முள் இருந்தது. அந்த இருட்டில் அது கழன்றுவிட்டது. முன்பக்க அறையைத் திறந்து பல்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிரேக்கை இன்னொரு முறை மிதித்தேன்.

"எரியுதுங்க மாமா" என்றேன்.