சேறு படிந்த வெள்ளைக் கவுன்

இன்று சவுக்காரம் வாங்கக் கடைக்குப் போன இடத்தில், மகளைப் பற்றிக் கடைக்கார நானாவிடம் ஒரு பாட்டம் புலம்பிவிட்டேன்.

"வெள்ளை ஸ்கூல் கவுன், நானா! தினம் கிரவுண்டுல புரண்டுட்டு வாரா. தேச்சுத் தேச்சு என் கையே போச்சு."

கடைக்கார நானா சவுக்காரத்தைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், ஆண்டவனுக்கு நன்றி எண்டு சொல்லுங்க, தங்கச்சி. போன மாசம் புள்ளைக்கு டெங்கு எண்டு, பப்பாசி எல தேடி இங்க வந்து அழுதீங்களே."

பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இதே கவுன், அயர்ன் கலையாமல் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்கவே பயந்தேன். "அவ இதைப் போட்டுக்கிட்டு ஓடணும், தாயே" என்று முத்துமாரியிடம் கேட்டது நான்தான்.

வீட்டுக்கு வந்து கவுனை ஊறப்போட்டேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கும் விளையாட்டு இருக்கு. ஏசுவீங்களா?"

"போய் நல்லா விளையாடு."

தேய்க்கும்போதெல்லாம் "நன்றி தாயே" என்று வாய் தானாகச் சொன்னது. கறைதான் போகவில்லை.

வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளையை விளையாட விடாதே என்கிற யோசனை மட்டும் வேண்டாம்.