ஒரு சொட்டும் விழாத ஞாயிற்றுக்கிழமை

நான் நான்காம் வகுப்பு படித்தபோது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஆட்டோ ஓட்டினார். எஞ்சின் ஆயிலையும் அவரே மாற்றுவார். அந்தத் திறமையில் அவருக்கு இருந்த நம்பிக்கை தெருவுக்கு இல்லை. பாதி ஆயில் பேசினில் விழும், பாதி வாசலில். பேசினில் விழுந்ததுகூடக் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும்.

மாடியில் இருந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். ஒருநாள் வெள்ளை வேட்டியோடு அந்தக் கறுப்பில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்து நின்றதும் சொன்னார்: "இனிமே ஒரு சொட்டு கீழ பாத்தேன்னா, வீட்ட காலி பண்ணிடணும்."

அடுத்த முறை ஆயில் மாற்ற வேண்டியபோது அப்பா வலது கை முறிந்து கட்டோடு இருந்தார். திங்கட்கிழமையிலிருந்து சித்தப்பா வண்டியை ஓட்டுவதாக ஏற்பாடு. நான் மாற்றுகிறேன் என்றாள் அம்மா.

"உனுக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா.

"நீங்க எங்கெங்க தப்பு பண்றீங்கன்னு எட்டு வருஷமா பாத்துகினுதான இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, சூடு தணியக் காத்திருந்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்தாள். அதன்மேல் நியூஸ்பேப்பர், அதன்மேல் அகலமான பேசின். பேசின் என் பொறுப்பு.

"மொதல்ல சாஞ்சி பீச்சும். கொறைய கொறைய உள்ள வரும். அதுகூடவே பேசின நகத்திகினே வா. வேற எங்கியும் பாக்காத."

ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, பிறகு விரலால் திருகினாள். ஆயில் கறுப்புக் கயிறு போலப் பாய்ந்தது. சரியாக அந்த நேரத்தில் மாடியிலிருந்து, "இன்னா நடக்குது அங்க?" என்று குரல் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். ஆயில் பேசினின் விளிம்பில் பட்டு வெளிப்பக்கமாக வழிந்தது.

அம்மா கத்தவில்லை. "பேசின பாரு" என்றாள், அவ்வளவுதான். ஒரு கையால் பேசினை இழுத்தேன். மறு கையால் என் பாவாடையைச் சுருட்டி, வழிந்ததை அப்படியே ஒற்றி எடுத்தேன். புதுப் பாவாடை.

கடைசிச் சொட்டு வடிந்ததும் போல்ட்டை முடுக்கி, புது ஆயில் ஊற்றினாள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிப் புனலாக்கி, பழைய ஆயிலைக் காலி கேனில் நிரப்பி மூடினாள். அட்டையைத் தூக்கியபோது வீட்டுக்காரர் கீழே வந்து நின்றிருந்தார். குனிந்து தரையை விரலால் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தைதான் என்று அவர் தலையசைப்பில் தெரிந்தது.

"நம்ம வீட்ல எப்பவும் இப்படித்தாங்க" என்றார் அப்பா.

கேனை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தோம். அங்கே பழைய ஆயிலுக்கென்றே ஒரு டிரம் உண்டு. நிறைந்ததும் சுத்தம் செய்ய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லாரியில் போகும். மெக்கானிக் கேனைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி, மண்ணு ஒன்னும் கலக்காம கொண்டாந்திருக்கீங்களே, யாரு எறக்குனதுக்கா?" என்றார்.

"நானும் எம் பொண்ணும்" என்றாள் அம்மா. திரும்பி வரும்போது எதிரில் வந்த எல்லோரும் என் பாவாடைக் கறையைப் பார்க்க வேண்டும் என்று அதை முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அம்மா சர்க்கரையும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குழாயடியிலேயே நின்று இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தருகே வைத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். வாடை போகவில்லையே என்று கவலைப்படுகிறாள் என நினைத்து நான் சோப்பை நீட்டினேன்.

"வேணாம், வாட இருக்கட்டும்" என்று சிரித்தாள்.

சோப்பைக் கையில் பிடித்தபடி, எதற்காகச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.