மூன்று சதவீதக் கதவு

எங்கள் தோட்டத்து அழகுமுத்து அண்ணனுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தனக்குத் தெரியாததும் உலகத்தில் இருக்கிறது என்பது. இருபத்திரண்டு வருடம் தேயிலை ஃபெக்டரியில் டிரையருக்கு முன்னால் நின்றவர். தேயிலையில் எவ்வளவு ஈரம் மிஞ்சலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "மூணு பெர்சன்ட்" என்பார். ஃபெக்டரியை மூடியதும், அங்கே கழித்துப் போட்ட விசிறியை வாங்கி வந்து ஹட்டன் ரோட்டோரம் மரக்காலை போட்டார். மரம் அறுக்க ஒரு மெஷின், பலகை காய வைக்க விறகடுப்பும் அந்த விசிறியும் வைத்த தகரக் கொட்டகை. அவ்வளவுதான், மனிதர் முதலாளி ஆகிவிட்டார்.

மாரியம்மன் கோயிலுக்குப் புதுக் கதவு கொடுப்பவருக்குக் கும்பாபிஷேகத்தன்று பரிவட்டம் என்று கமிட்டி அறிவித்தது. எங்கள் கோயிலில் பரிவட்டம் கணக்கப்பிள்ளை வீட்டையும் தோட்டத் தலைவர் வீட்டையும் தாண்டி வந்ததே இல்லை. டிரையர்காரர் தலையில் அதுவரை விழுந்தது தேயிலைத் தூசி மட்டும்தான். அந்தத் துணி தன் தலையில் ஏற வேண்டும் என்று மனிதர் உயிராய்க் கிடந்தார்.

கினிகத்தேனையிலிருந்து நல்ல பலா மரம் ஒன்று வந்தது. அதை அறுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் குச்சி வைத்து அடுக்கி, அடுப்பை மூட்டினார். இருபது நாள் கழித்துக் கதவு செய்ய வந்த தச்சர் ஜீவராஜ், ஈரம் பார்க்கும் மீட்டரைப் பலகையில் குத்திப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அண்ணே, பதினாலு இருந்தா போதும். இதுக்கு மேல காய வேணாங்க. நம்ம ஊரு பனிக்கு மரம் தண்ணி குடிச்சு வீங்கிரும்."

"பதினாலுன்னா ஃபெக்டரியில டீமேக்கர் என்னய வேலய விட்டே தொரத்தியிருப்பாரு," என்றார் அழகுமுத்து. "மூணுக்கு எறக்கிக் காட்டுறேன், இருங்க."

இறக்கியும் காட்டினார். "தேயிலையும் மரமும் ஒன்னாங்க?" என்று மனைவி பூரணி கேட்டதற்கு, "ரெண்டும் மரத்துலருந்துதானே வருது" என்று பதில் வந்தது. அந்த அறிவைக் கேட்டுப் பூரணி அடுப்படிக்குப் போய்விட்டார். கதவு நிலையில் பொருந்தி உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு தாள் நுழைய இடமில்லை. அண்ணன் அந்தத் தாளையே கையில் வைத்துக்கொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

பிறகு மழை பிடித்தது. எட்டு நாள் விடவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் மாலை, பரிவட்டத் தட்டை உள்ளே வைத்துவிட்டு வந்த பூசாரியால் கதவைச் சாத்த முடியவில்லை. "புதுக் கதவு அப்படித்தாங்க" என்று அழகுமுத்துவே நாலு பேரைக் கூட்டி இழுத்துச் சாத்தினார்.

மறுநாள் காலை, திறந்து வைக்க வந்த பிரமுகர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி கதவைத் தள்ளினார். சிரிப்பு மறைந்த பிறகும் தள்ளினார். பூசாரி தள்ளினார், கமிட்டி மொத்தமும் தோள் கொடுத்தது. மேளம் தானாக நின்றது. பரிவட்டம் உள்ளே, அழகுமுத்து வெளியே. கூட்டத்தில் யாரோ "மூணு பெர்சன்ட்!" என்று கத்த, ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரித்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

அவர் மரக்காலைக்குப் போய், மரம் தறிக்கும் செயின்சோவைத் தூக்கி வந்து, தன் கதவின் ஓரத்தைத் தானே அறுத்தார். அம்மன் முன்னால் தூள் பறந்தது. கமிட்டி சொன்ன சொல் தவறவில்லை. மரத்தூள் படிந்த தலையிலேயே பரிவட்டம் கட்டினார்கள். அண்ணன் கண்ணில் தண்ணீர். பக்தி என்று பிரமுகர் மெச்சினார்.

கூட்டம் கலைந்ததும், தலைத் துணியோடு நேரே ஜீவராஜிடம் வந்தார். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர்.

"தம்பி," என்றார் மெதுவாக, "அடுத்த கதவுக்கு எத்தன பெர்சன்ட்னு சொன்னீங்க?"