அணி மாறிப் போகிறவனுக்கு

சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் நான் வேலைக்கு ரயில் ஏறும்போது, முந்தின ஸ்டேஷனில் ஏறிய யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு ஜன்னலோர இடம் பிடித்திருப்பார். தலையில் அமெரிக்க பேஸ்போல் அணி ஒன்றின் நீலத் தொப்பி. டிசம்பரில் அங்கே ஆட்டம் கிடையாது. அணிகள் வீரர்களை வாங்கும், மாற்றிக்கொள்ளும். அவருடைய அணி யாரையாவது வேறு அணிக்கு அனுப்பிவிட்டால், மற்ற ரசிகர்கள் இணையத்தில் நிர்வாகத்தைத் திட்டுவார்கள். இவர் முதலில் போகிறவனுக்கு "தாங்க்ஸ்" என்று எழுதுவார். திட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"அவன் இதைப் படிப்பானா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசிக்கமாட்டான். எண்டாலும் எங்களுக்காக விளையாடினவனெல்லே."

பிறகு என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் காலை, நாளையிலிருந்து இந்த ரயிலில் வரமாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்ர பேஸ்போல் கதையை வீட்டில ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீங்கள் கேட்டனீங்கள். தாங்க்ஸ், தம்பி."

அன்று அலுவலகத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

இப்போது புது வேலைக்குக் காரில் போகிறேன். டிசம்பர் வந்தால் அந்த அணி யாரை அனுப்பியது என்று பார்த்து, நானும் ஒரு நன்றி எழுதுகிறேன். அத்தனை வசவுகளுக்கு நடுவே எனக்கு முன்பே ஒரு நன்றி இருக்கும். அது அவருடையதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.