பாடாங் மேஹாவில் ஒரு வளைகாப்பு

மலேசியாவில் எம்.சி.ஓ. என்ற கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது நான் போன ஒரே பயணம் இது. தோட்டப்புறங்களில் வாழும் அகதிக் குடும்பங்களுக்கு உதவ எப்படிப் போவது என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஆகவே இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தேவாலயமும் ஒரு கோயிலும் சேர்ந்து சமைத்த சாப்பாட்டை வேனில் ஏற்றிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். பாடாங் மேஹா முப்பது கிலோமீட்டருக்குள்தான். கையில் போலிஸ் அனுமதிக் கடிதம். உணவு விநியோகம், ஓட்டுநர் ஒருவர் மட்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. தார்ச்சாலை முடிந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் மண்பாதை. முதல் நாள் மழையில் வேன் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. பெரிய சேவை செய்யப் போகிறேன் என்ற மிதப்பெல்லாம் சேற்றைக் கழுவும்போதே போய்விட்டது.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் என்னை எதிர்கொண்டவர் பிலோமினா அக்கா. தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களுக்குத் தலைவி. பொட்டலங்களைப் பார்க்கக்கூட இல்லை.

“தம்பி, கடைசி வீட்டுப் பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, தல சுத்துதுங்கறா. ஆஸ்பத்திரிக்கு விடமாட்டேங்கறான் புருஷன்.”

அந்தப் பெண் நூர். கணவன் ஹமீது பனைக்குலை வெட்டுபவன். மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலிஸார் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஹமீது வாசலை மறித்து நின்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா வாதாடவில்லை. நான்கு பெண்களைக் கூப்பிட்டார். கடைகள் மூடிக் கிடந்ததால் ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல்களைத் தங்கள் கையிலிருந்தே கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். முகக்கவசத்தோடு ஒருவர் பின் ஒருவராகப் போய் நூருக்குப் போட்டுவிட்டார்கள். சந்தனம் பூசியது கோயில் பூசாரியின் மனைவி. முதல் வளையல் அக்காவுடையது. நூர் முதலில் புரியாமல் விழித்தாள், பிறகு கையை ஆட்டிச் சத்தம் கேட்டுச் சிரித்தாள்.

அக்கா ஹமீதிடம் திரும்பினார். “எங்க வழக்கத்துல வளையல் போட்டாச்சுன்னா பொண்ணு தாய் வீட்டுக்கு வந்துடணும் லா. இனி இவ என் பொறுப்பு. என்னைத் தாண்டித்தான் இவள யாரும் தொடணும்.”

தோட்டத்தில் பல வருடம் இருந்தவனுக்குத் தமிழ் புரியும். வாசலை விட்டு விலகி, “ஜாகா பாய்க் பாய்க், அக்கா” என்றான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

நூரையும் அக்காவையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியில் சாலைத் தடுப்பு. என் கடிதம் சாப்பாட்டுக்குத்தான், கர்ப்பிணிக்கு இல்லை. போலிஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார்.

“அனாக் சாயா” என்றார் அக்கா. என் மகள். குரலில் நடுக்கமே இல்லை. போலிஸ்காரர் நூரின் வயிற்றைப் பார்த்தார், சந்தனம் பூசிய கன்னத்தைப் பார்த்தார், சீக்கிரம் போகச் சொல்லிக் கையசைத்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் இருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்று சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார்கள். துணைக்கு ஆள் அனுமதி இல்லை. அக்கா வெளியே மரத்தடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். மாலையில் பெண் குழந்தை பிறந்தது. தாதி வந்து, “மாக் டியா?” அவளுடைய அம்மாவா என்று கேட்டதும் அக்கா எழுந்து நின்றார். அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

தாயும் சேயும் நாற்பது நாள் அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். ஹமீது தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் போலவே கூச்சத்தோடு.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் தாழ்வான கார் வேண்டாம். மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகளை விடப் பால்மாவும் பேம்பர்ஸும் உபயோகம். முன்கூட்டி லயத்து ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முகங்களைப் படம் எடுக்காதீர்கள், பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இன்னொன்று, அங்கே போய் அகதிகள் வீடு எது என்று கேட்காதீர்கள். போன மாதம் நான் கூட்டிப்போன நண்பர் அப்படித்தான் கேட்டார். “அகதியா? இங்க அப்படி யாரும் இல்லையே” என்றார் ஒருவர். “பிலோ அக்கா மக வீடு” என்று நான் சொன்னதும், கடைசி வாசலைக் காட்டினார்.